அத்தியாயம் 7: ஒரு மணி நேரத் தொலைவு – பொலோனியாவிலிருந்து வார இறுதிப் பயணங்கள்

இத்தாலிக்குப் படிக்க வருபவர்கள் முதல் மாதத்திலேயே ரோம், வெனிஸ், புளோரன்ஸ் என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலைக் கொஞ்ச காலம் ஒத்திப்போடுங்கள். சனிக்கிழமை அந்த ஊர்களுக்குப் போனால் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும். வகுப்பில்லாத ஒரு புதன்கிழமையோ, ஜனவரிக் குளிரோ அவற்றுக்கு ஏற்றது. வார இறுதிகளைச் சிறு நகரங்களுக்குக் கொடுங்கள். சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். இரவு உங்கள் அறையிலேயே தூக்கம். மாணவரின் பணப்பைக்கும் திங்கட்கிழமை வகுப்புக்கும் இதுதான் ஒத்துவரும்.

மிலான், வெனிஸ், வெரோனா, புளோரன்ஸ், அட்ரியாட்டிக் கரை என்று எல்லாத் திசைப் பாதைகளும் கூடும் சந்திப்பு பொலோனியா. அதனால் இந்த அத்தியாயத்துக்கு அதையே இருப்பிடமாக வைத்துக்கொண்டேன். நீங்கள் பாதுவாவிலோ தூரினிலோ படித்தாலும் முறை இதேதான்: ஊரின் புகழைப் பார்த்து இடம் தேடாதீர்கள், உங்கள் நிலையத்திலிருந்து கிளம்பும் ரயில் பாதையைப் பார்த்துத் தேடுங்கள்.

புறப்படும் முன்: காகிதங்கள்

இத்தாலிக்கு வந்த 8 வேலை நாட்களுக்குள் தபால் நிலையம் வழியாக வசிப்பு அனுமதிக்கு, அதாவது பெர்மெஸ்ஸோவுக்கு, விண்ணப்பித்திருப்பீர்கள். அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை தபால் நிலையம் தந்த ரசீதுதான் உங்கள் ஆதாரம். அதை வைத்துக்கொண்டு இத்தாலிக்குள் எங்கும் போகலாம். ஆனால் விசா காலாவதியாகிவிட்ட பிறகு வெறும் ரசீதோடு பாரிஸுக்கோ வியன்னாவுக்கோ மலிவு விமான டிக்கெட் எடுக்காதீர்கள். பிற ஷெங்கன் நாடுகளுக்குள் போக ரசீது போதாது. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உள்ளூர்ப் பயணத்துக்கும் பாஸ்போர்ட்டையும் ரசீதையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். போலீஸ் எங்கும் கேட்கலாம். இரவு தங்கும் விடுதியில் கட்டாயம் கேட்பார்கள். இரண்டின் படமும் கைபேசியிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

ரயில் ஏறும் முறை

இத்தாலியில் இரண்டு வகை ரயில்களை நீங்கள் பிரித்தறிய வேண்டும். ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களில் இருக்கை எண் உண்டு. கடைசி நேரத்தில் வாங்கினால் விலை ஏறும். டிக்கெட்டில் அச்சிட்ட ரயிலில்தான் போக முடியும். ரெஜோனாலே எனப்படும் வட்டார ரயிலில் முன்பதிவு கிடையாது, விலையும் மாறாது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் சிறு நகரங்கள் அனைத்துக்கும் வட்டார ரயிலே போதும். ரவென்னாவுக்கு ஒரு வழிக் கட்டணம் பத்து யூரோவுக்குள் அடங்கிவிடும்.

1. முந்தின இரவே போக வர இரண்டு நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கடைசி ரயிலை நம்பாதீர்கள்; அதற்கு முந்தைய ரயிலில் கிளம்புவதாகத் திட்டமிடுங்கள்.
2. கால அட்டவணையில் 'ஃபெரியாலே' என்றிருந்தால் அது திங்கள் முதல் சனி வரை. 'ஃபெஸ்தீவோ' என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். சனிக்கிழமையை விடுமுறைப் பத்தியில் தேடுவது புதிதாக வந்தவர்கள் செய்யும் தவறு. ஞாயிறன்று பேருந்துகள் வெகுவாகக் குறையும். சில தடங்களில் ஒன்றுகூட ஓடாது.
3. டிக்கெட்டைச் செயலியிலோ இயந்திரத்திலோ வாங்குங்கள். இயந்திரத்தருகே உதவ வரும் அந்நியரிடம் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். நிலைய ஊழியர் அப்படித் தேடி வந்து பணம் கேட்பதில்லை.
4. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்துங்கள். கைபேசி டிக்கெட் என்றால் ஏறும் முன் செயலியில் செக்-இன் செய்யுங்கள். இதை மறந்தால் பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டோடே அபராதமும் கட்ட நேரும்.
5. பெரிய பலகையில் 'பார்தென்ட்சே' என்ற புறப்பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். 'அர்ரீவி' வருகைப் பட்டியல். உங்கள் ஊரின் பெயர் அங்கே கடைசி நிலையமாக இல்லாமல் இடை நிலையமாக இருக்கலாம். அதனால் ரயில் எண்ணை வைத்துத் தேடுங்கள்.
6. பிளாட்பார எண்ணை முழுதாகப் படியுங்கள். பொலோனியா மத்திய நிலையத்தில் வெறும் 4 வேறு, 4 மேற்கு வேறு. மேற்கைக் குறிக்கும் 'ஓவெஸ்த்', கிழக்கைக் குறிக்கும் 'எஸ்த்' என்ற சொற்கள் எண்ணோடு வரும். அதிவேக ரயில்கள் 16 முதல் 19 வரை, தரைக்குக் கீழே வெகு ஆழத்தில் நிற்கும்; அங்கே இறங்கிப் போகவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இதே நிலையத்தின் வெளிச்சுவரில் 10:25இல் நின்றுபோன கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து நேரம் கணிக்காதீர்கள். பழுது என்றும் எண்ணாதீர்கள். 1980 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை அந்த நேரத்தில் இங்கே குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகவே அதை ஓடவிடாமல் வைத்திருக்கிறார்கள். முதல் பயணத்தன்று காத்திருப்பு அறைக்குள் போய், சுவரில் உள்ள பெயர்களை ஒருமுறை படித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

முதல் வார இறுதி: டிக்கெட் வேண்டாம்

ஊரைவிட்டு வெளியே போகும் முன் சான் லூக்கா குன்றுக்கு நடந்துவிடுங்கள். சரகோஸ்ஸா வாயிலருகே தொடங்கும் கூரையிட்ட நடைபாதை 666 வளைவுகளோடு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீண்டு மலை உச்சிக் கோயிலில் முடிகிறது. மழை பெய்தாலும் நனைய மாட்டீர்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பொலோனியா நடைபாதைகளில் இதுவும் ஒன்று.

காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். மெலோன்செல்லோ வளைவு வரை சமதளம். அதற்குப் பிறகு ஏற்றமும் படிகளும். அங்கேதான் பலர் வேகத்தைக் குறைக்காமல் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் வந்தால் இன்னொன்றும் பார்க்கலாம்: கோயிலில் உள்ள மாதா படத்தை, நம் ஊர் உற்சவரைப் போல, ஊர்வலமாக நகருக்குள் எடுத்துவருவார்கள். 1433இல் விடாமழை நிற்க வேண்டிக்கொண்டு தொடங்கிய வழக்கம் இது.

இந்த நடை உங்கள் காலணியையும் உடலையும் சோதித்துச் சொல்லிவிடும். இங்கே குதிகால் வலித்தால், பின்னால் சொல்லப்போகும் மலை நடைக்கு வேறு காலணி வாங்க வேண்டும்.

ரவென்னா: ஒரு முழு நாள்

ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ரவென்னாவுக்குப் போங்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மேற்கு ரோமப் பேரரசின் கடைசித் தலைநகரமாகவும், பிறகு பைசாந்தியர்களின் இத்தாலியத் தலைநகரமாகவும் இருந்த ஊர். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு மொசைக்குகள் இவ்வளவு நெருக்கமாகவும் இவ்வளவு முழுமையாகவும் கிடைக்கும் வேறோர் ஊர் இத்தாலியில் இல்லை. எட்டு கட்டடங்கள் 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. எட்டையும் ஒரே நாளில் பார்க்க ஓடாதீர்கள், நான்கு போதும்.

1. கிளம்பும் முன்பே இணையத்தில் கூட்டு டிக்கெட் வாங்குங்கள். சான் வித்தாலே, கல்லா பிளாசிதியா கல்லறை மண்டபம், சாந்தப்போலினாரே நுவோவோ, நியோன் ஞானஸ்நான மண்டபம் ஆகியவை அதில் அடங்கும். கல்லா பிளாசிதியாவும் நியோன் மண்டபமும் சிறியவை. அவற்றுக்கு உள்ளே போகும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் தவறினால் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான்.
2. நிலையத்திலிருந்து நடந்தே முதலில் கல்லா பிளாசிதியாவுக்குப் போங்கள். சாளரங்களில் கண்ணாடிக்குப் பதில் அலபாஸ்டர் கல் பலகைகள். உள்ளே நுழைந்ததும் இருட்டாகத் தெரியும். கைபேசியை எடுக்காமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கண் பழகப் பழக நீலக் கூரையும் அதில் பொன் நட்சத்திரங்களும் தெளிந்து வரும். படம் எடுத்துவிட்டு உடனே வெளியேறுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.
3. அடுத்து, அதே வளாகத்தில் 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே. பீடத்தின் இரு பக்கமும் பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோதோராவும் பரிவாரத்தோடு எதிரெதிரே நிற்கிறார்கள். தியோதோராவின் மேலங்கிக் கரையில் கீழ்த்திசை ஞானிகள் மூவர் காணிக்கை ஏந்திப் போவதைத் தேடிப் பாருங்கள்.
4. நியோன் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்த நேரத்தில் பார்த்துவிடுங்கள். மதிய உணவுக்குப் பின் சாந்தப்போலினாரே நுவோவோ. கோத்திய மன்னன் தியோதோரிக் கட்டிய கோயில். ஆட்சி மாறியபோது அரண்மனைக் காட்சியில் இருந்த மனித உருவங்களை அழித்துத் திரைச்சீலைகளாக மாற்றிவிட்டார்கள். ஆனால் தூண்களின் மேல் படிந்திருந்த கைகள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அரசியல் வரலாற்றை ஒரு சுவரிலேயே படிக்கலாம்.
5. நேரம் மிஞ்சினால் தாந்தேயின் கல்லறை. புளோரன்ஸ் நாடுகடத்திய கவிஞர் 1321இல் இங்கேதான் இறந்தார். கல்லறை விளக்குக்கு எண்ணெய் ஆண்டுதோறும் செப்டம்பரில் புளோரன்ஸிலிருந்து வருகிறது.

கிளாஸ்ஸே என்ற புறநகரில் உள்ள பெரிய பசிலிக்காவுக்குத் தனி டிக்கெட். அங்கே போக ரயிலோ பேருந்தோ உண்டு. ஞாயிறில் திரும்பும் நேரத்தைப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

குறிப்பு: தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கோடையில் பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும். பூசை நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். சிறிய தேவாலயங்கள் பல மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடிவிடும்.

அரை நாள் ஊர்கள்

ஃபெராரா சைக்கிள்காரர்களின் ஊர். சமதளம். சுற்றுச்சுவர் மேல் சுமார் 9 கிலோமீட்டர் பாதை. வாடகை சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். எடுக்கும் முன் பிரேக்கையும் பூட்டையும் சோதியுங்கள். பழைய ஊருக்குள் உருண்டைக்கல் பதித்த தெருக்கள் மழையில் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

மோதெனா அரை மணி நேரத்துக்குள். 1099இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் முகப்புச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, கூரையிட்ட பழைய சந்தையில் சாப்பிட்டுத் திரும்பலாம். சந்தை பெரும்பாலும் காலையில்தான்.

ஃபோர்லியைச் சுற்றுலா நூல்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் போரிட்டு இறந்த இந்தியப் படைவீரர்களின் கல்லறைத் தோட்டமும், எரியூட்டப்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னமும் அங்கே இருக்கின்றன. இந்தியாவின் 4, 8, 10ஆம் டிவிஷன்கள் இந்த நாட்டின் மலைகளில் போரிட்டன. நம் மாணவர்கள் ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மலை நடை: சாஸ்ஸோ மார்கோனி வரை

பொலோனியாவிலிருந்து புளோரன்ஸ் வரை அப்பென்னைன் மலைகளைத் தாண்டிப் போகும் 'தெய்வங்களின் பாதை' ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஐந்தாறு நாள் நடை. அதன் முதல் கட்டத்தை மட்டும் ஒரு நாளில் முடிக்கலாம்: சான் லூக்கா ஏறி, மறுபக்கம் தலோன் பூங்காவுக்கு இறங்கி, ரேனோ ஆற்றங்கரை வழியாகச் சாஸ்ஸோ மார்கோனி. சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் ஊர் திரும்பலாம். களைத்துவிட்டால் வழியிலேயே கசலெக்கியோ நிலையத்தில் ரயில் பிடித்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கு இந்தப் பாதையைப் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான். வழியில் பொன்தேக்கியோவில் 1895இல் மார்கோனி கம்பியில்லாத் தந்தியைச் சோதித்த வீடு இருக்கிறது.

பாதுகாப்புக்கு இவை கட்டாயம்:

1. தனியாகப் போகாதீர்கள். போனால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அறைத் தோழருக்குச் செய்தி அனுப்புங்கள்.
2. மரத்திலும் பாறையிலும் சிவப்பு-வெள்ளைப் பட்டைகளைத் தேடி நடங்கள். பலகையில் 'தி' என்ற எழுத்து எளிய பாதை. ஒற்றை 'எ' வழக்கமான மலை நடை. இரட்டை 'எ' அனுபவசாலிகளுக்கு. முதல் ஆண்டில் இரட்டை 'எ' பக்கம் போகாதீர்கள்.
3. வெளிச்சம் தீரும் நேரத்தைக் கணக்கிடுங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறையும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவார்கள். முந்தின வாரம் ஆறு மணி வரை இருந்த வெளிச்சம் ஐந்துக்கே போய்விடும்.
4. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி இறுதி வரை வேட்டைக் காலம். ஆரஞ்சு அல்லது சிவப்பு மேல்சட்டை போடுங்கள். பாதையை விட்டுப் புதருக்குள் இறங்காதீர்கள். செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குத் தடை.
5. வசந்தத்திலும் கோடையிலும் புல்வெளிகளில் உண்ணி இருக்கும். முழுக்கால் சட்டை, மேலேற்றிய சாக்ஸ். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் நெருப்போ எண்ணெயோ வைக்காமல் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த வாரங்களில் காய்ச்சலோ சிவந்த வளையமோ தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள்.
6. அவசரத்துக்கு 112. 'வேர் ஆர் யூ' என்ற செயலியை முன்பே நிறுவிவைத்தால் நீங்கள் இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பும். இத்தாலியன் தடுமாறுகிறவர்களுக்குப் பெரிய துணை.

கடல்

ரீமினிக்கு வட்டார ரயிலில் ஒன்றரை மணி நேரம். கடற்கரையின் பெரும்பகுதி குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடும் தனியார் பகுதி. 'ஸ்பியாஜ்ஜா லிபெரா' என்ற பலகை உள்ள இடம் இலவசம். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர்கள் கோடையில் மட்டுமே இருப்பார்கள். அக்டோபரில் அலை அமைதியாகத் தெரிகிறது என்று நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பளவுக்குப் போக வேண்டாம்.

வயிறு

மதிய உணவு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. மூன்று மணிக்குப் பசித்தால் சமையலறை மூடியிருக்கும். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் மலிவு. மேசையில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும். பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ வந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் கவனமாக இருங்கள். ரொமாஞ்ஞாவின் பியாதீனா ரொட்டி பார்க்கச் சப்பாத்தி மாதிரி இருந்தாலும் மாவில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். 'ஸ்த்ரூத்தோ' இருக்கிறதா என்று கேளுங்கள், எண்ணெயில் செய்ததும் பல கடைகளில் கிடைக்கும். தொர்தெல்லீனிக்குள் இறைச்சி, அதைவிடப் பெரிய தொர்தெல்லோனிக்குள் பொதுவாக ரிக்கோத்தா பாலாடை. ஃபெராராவில் பரங்கிக்காய் பூரணம் வைத்த கப்பெல்லாச்சி அருமையாக இருக்கும். இறைச்சிக் குழம்பு வேண்டாம், வெண்ணெயும் சேஜ் இலையும் போதும் என்று சொல்லிவிடுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறைவது, கண்டிப்பானவர்கள் தவிர்க்கலாம்.

தண்ணீர் வாங்காதீர்கள். பொதுக் குழாய்களில் 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

பெரிய ஊர்களுக்குப் போகும் நாளில்

பலகையில் புளோரன்ஸ் என்று இருக்காது, ஃபிரென்ட்சே என்றிருக்கும். வெனிஸுக்கு வெனேட்சியா, அதிலும் மெஸ்த்ரேயில் இறங்கிவிடாமல் சாந்தா லூசியா வரை போங்கள். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட நாட்களில் வெனிஸுக்குப் பகல் பயணிகள் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். நாட்காட்டியை நகராட்சித் தளத்தில் பாருங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். 18 முதல் 25 வயது வரையிலான 2 யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கானது. மாணவர் அட்டை இருக்கிறது என்று நம்பி வரிசையில் நிற்காதீர்கள். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. பாதுவாவில் ஜோத்தோ வரைந்த ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தை முன்பதிவு இல்லாமல் பார்க்கத் திட்டமிடாதீர்கள்.

வாடகைக் கார் வேண்டாம். பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் அனுமதியற்ற வண்டி நுழைந்தால் கேமரா எண்ணைப் பிடித்து, மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

கிளம்பும் காலையில் மூன்று சோதனைகள்

1. வானிலை எச்சரிக்கை. எமிலியா-ரொமாஞ்ஞா மாநிலம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவிக்கும். 2023 மே மாத வெள்ளத்தில் ஃபயென்சா, ஃபோர்லி, லூகோ ஊர்கள் மூழ்கின. இதே ரயில் பாதைகள் துண்டிக்கப்பட்டன. ஆரஞ்சோ சிவப்போ என்றால் பயணத்தை ஒத்திவையுங்கள். ஆற்றங்கரை நடையை மஞ்சளிலேயே கைவிடுங்கள்.
2. வேலைநிறுத்தம். 'ஷோப்பெரோ' என்ற அறிவிப்பு முன்கூட்டியே வரும். வார நாட்களில் காலை 6–9, மாலை 6–9 மணிக்கு உத்தரவாதமான ரயில்கள் ஓடும். ஞாயிறில் அந்த உத்தரவாதத்தை எண்ணிக் கிளம்பாதீர்கள். சனி மாலை தொடங்கும் வேலைநிறுத்தம் ஞாயிறு வரை நீளக்கூடும் என்பதால் முடியும் நேரத்தையும் படியுங்கள்.
3. பை. பாஸ்போர்ட், ரசீது, காப்பீட்டு அட்டை, பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், மழைச்சட்டை. நெரிசலான ரயிலில் பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கைபேசியைக் கதவோரம் நின்று பார்க்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.